நசாரியோவை நான்கு முறை கொன்றார்கள்

நசாரியோ சாம்பியை முதல் தடவை கொன்றது ஒரு வியாழக்கிழமை மத்தியானம்; சனிக்கிழமை அடக்கம் செய்தார்கள்; திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவனுக்குப் பஸ் இருந்தது, ஒன்பது பயணிகள் காத்திருந்தார்கள், ஆகவே அவன் வந்துவிட்டான்.

அவன் ஊர் வைராபாம்பா. ஆண்டிஸ் மலையில், மரம் முளைக்கத் துணியாத உயரத்தில், உருளைக்கிழங்கும் லாமாவும் காற்றும் மட்டும் பிழைக்கிற மேட்டுவெளி. நசாரியோ அங்கே வழிகாட்டி. திங்கள்தோறும் வெளிதேசத்து ஆட்களை ஒரு பச்சைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, முதல் நாள் மேட்டுவெளியையும், இரண்டாம் நாள் இன்கா அரசர்கள் கட்டி, பிற்பாடு கடல் தாண்டிக் குதிரையில் வந்தவர்கள் இடித்த ஹாத்துன்பிர்கா என்கிற பெருமதிலையும், மூன்றாம் நாள் மேகம் தரையில் படுத்துக் கிடக்கிற கணவாயையும் காட்டி, நான்காம் நாள் வியாழக்கிழமை மழைக்காட்டுக்குள் இறங்கி, புக்காமாயு ஆற்றில் படகேற்றிக் கிளிகளையும் குரங்குகளையும் காட்டி, வெள்ளிக்கிழமை திரும்பக் கொண்டுவந்து விடுவான். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை.

அந்த ஆற்றில் ஒரு வளைவு இருந்தது. வளைவுக்குப் பின்னால் காடு இல்லை. தொன் ஒராசியோ என்கிற பெரிய மனிதர் மிதவைகளில் மோட்டார் பூட்டி ஆற்றின் அடிமண்ணை உறிஞ்சி, பாதரசம் ஊற்றித் தங்கம் பிரித்துக்கொண்டிருந்தார். கண்ணுக்கெட்டிய மட்டும் மஞ்சள் சேற்றுக் குழிகள். மிச்சமிருந்த மரங்களும் செத்து வெளுத்து நின்றன. ஆற்றுக்குக் கீழே மீன் தின்ற குழந்தைகளுக்குக் கை நடுங்கிக் கரண்டி நிற்கவில்லை. மற்ற வழிகாட்டிகள் வளைவு வருவதற்கு முன்பே படகைத் திருப்பிவிடுவார்கள். நசாரியோ மட்டும் அங்கே போய் மோட்டாரை அணைத்து, "இது உங்கள் பயணத் திட்டத்தில் இல்லை. ஆனால் இருக்கிறது. பாருங்கள்" என்று சொல்லிவிட்டுக் கால் மணி நேரம் வாயே திறக்கமாட்டான். ஆட்கள் படம் எடுத்தார்கள். படங்கள் தலைநகரத்துக்குப் போயின. இரண்டு முறை போலீஸ் வந்து மிதவைகளைக் கொளுத்தியது. மூன்றாம் முறை வருவதற்குள் தொன் ஒராசியோ தன் காவல்காரன் கிளமென்தேயைக் கூப்பிட்டார்.

கிளமென்தேயும் வைராபாம்பாக்காரன்தான். வாரம் முழுக்க ஆற்றங்கரையில் துப்பாக்கியோடு நிற்பான், சனிக்கிழமை கிழங்கு லாரியில் ஊருக்கு வருவான். அவனுக்கு ஒரே மகள், நியேவெஸ். தாய் அவளைப் பெற்ற வாரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தக் குழந்தையைக் கோவிலில் கையில் ஏந்தி நின்று ஞானஸ்நானம் வாங்கிக்கொடுத்த ஞானத்தகப்பன் நசாரியோ. அந்த மலையில் பெற்ற தகப்பனும் ஞானத்தகப்பனும் ஒருவரையொருவர் கும்பாத்ரே என்று கூப்பிடுவார்கள். கூடப் பிறந்ததைவிடப் பெரிய உறவு அது. கும்பாத்ரேமேல் கை வைத்தவனை நரகம்கூடச் சேர்த்துக்கொள்ளாது என்பார்கள்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் பயணிகள் காட்டு விடுதியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நசாரியோ படகுக்குள் தேங்கிய தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான். மரத்துக்குப் பின்னாலிருந்து கிளமென்தே வந்தான்.

"வா கும்பாத்ரே. சாப்பிட்டாச்சா?" என்றான் நசாரியோ.

"ஆச்சு. என்னை மன்னிச்சிடு," என்று சொல்லிவிட்டு, கிளமென்தே மூன்றடி தூரத்திலிருந்து இரட்டைக்குழல் துப்பாக்கியின் இரண்டு குழல்களையும் அவன் நெஞ்சில் காலி செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கறுப்புத் துணி கட்டி இரண்டு நாளாகியிருந்த எர்மினியா அடுப்படியில் எழவுச் சோற்றுப் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, புருஷன் வாசலில் நின்றான். தோளெல்லாம் கல்லறை மண்.

"காலைத் துடைச்சிட்டு உள்ளே வா," என்றாள் அவள், ஏனென்றால் இருபது வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்ன பிறகுதான் அடுப்பங்கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் ஆறிப்போன கிழங்குக் கஞ்சியை நின்றபடியே குடித்தான். சட்டையைக் கழற்றியபோது நெஞ்சில் கொய்யாப்பழம் அளவுக்கு ஓட்டை. அதன் வழியே பின்சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தின் பாதி தெரிந்தது.

"வலிக்குதா?"

"இல்லை. காத்துதான் போய் வருது."

"எங்கே இருந்தே?"

"தெரியலை எர்மினியா. பஸ்ல தூங்கின மாதிரி. இறங்க வேண்டிய இடம் வந்ததும் முழிப்பு வந்துடுச்சு."

அவள் லாமா ரோமத்தை உருட்டி ஓட்டையை அடைத்து, தன் பழைய பாவாடைத் துணியால் சுற்றிக் கட்டினாள். மறுநாள் காலை அவன் தன் வழிகாட்டிக் கொடியைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸடிக்குப் போனான்.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதலில் கொஞ்சம் கூச்சப்பட்டது. எழவுச் சோறு சாப்பிட்டவர்கள் அவனை நேருக்கு நேர் பார்க்கச் சங்கடப்பட்டு, எதிரே வந்தால் ஆட்டை ஓட்டுவதுபோல் திரும்பிக்கொண்டார்கள். தச்சன் இலாரியோ வந்து, பெட்டி பயன்படவில்லை என்றால் திருப்பித் தரலாமே, நல்ல பலகை என்றான். பங்குச்சாமியார் வேதபுத்தகத்தை இரண்டு நாள் புரட்டிப் பார்த்துவிட்டு, இப்படி நடந்ததற்கு முன்னுதாரணம் உண்டு, ஆனால் அது ஒருவருக்குத்தான், ஆகவே நசாரியோ பூசைக்கு வரலாம், ஆனால் முன்வரிசையில் உட்கார வேண்டாம் என்று முடிவு சொன்னார். பதிவு அலுவலகத்துப் பெண் தன் பேரேட்டை விரித்துக் காட்டினாள்: "இங்கே மையால எழுதியாச்சு. பென்சில்ல எழுதியிருந்தா அழிச்சிருப்பேன்." ஆகவே எர்மினியா முறைப்படி ஒரு வருஷம் விதவையாகவே இருந்தாள், கறுப்பு உடுத்திக்கொண்டு புருஷனுக்குச் சமைத்துப் போட்டாள், கறுப்பு உடுத்திக்கொண்டு அவனோடு சண்டை போட்டாள், நினைவுப் பூசைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து அவன் ஆன்மாவுக்காக ஜெபித்தாள்.

ஆனால் எப்படி வந்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. மழை ஏன் வருகிறது என்று யார் கேட்கிறார்கள்? உள்ளே குளிராக இருந்ததா என்றுதான் கேட்டார்கள். போலீஸ்காரர் வந்து, சுடப்பட்டவன் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "பிணம் இல்லாமல் நான் எந்தக் கொலையை எழுதுவது?" என்று மோட்டார் சைக்கிளில் திரும்பிப் போனார்.

நசாரியோ அடுத்த வியாழக்கிழமையும் ஆற்று வளைவில் படகை நிறுத்தினான்.

எர்மினியா அதற்காகத்தான் அவனோடு சண்டை போட்டாள். "காட்ட எவ்வளவோ இருக்கே. கிளியைக் காட்டு. குரங்கைக் காட்டு. அந்தச் சேத்தை யார் கேட்டாங்க?"

"யாரும் கேட்கலை. நான் காட்டறவன். இருக்கிறதைக் காட்டறேன். இல்லாத மாதிரி படகைத் திருப்பினா, அப்புறம் நான் காட்டற கிளியை யார் நம்புவாங்க?"

இரண்டாம் தடவை அரிவாளால் கொன்றார்கள். இந்தத் தடவை கிளமென்தே தனியாக வரவில்லை. தொன் ஒராசியோவின் ஆட்கள் இரண்டு பேர் நசாரியோவின் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள், ஏனென்றால் முதலாளி இனிமேல் சரியாகச் செய்யுங்கள் என்று சொல்லியிருந்தார். கிளமென்தே, "கும்பாத்ரே, கழுத்தை இந்தப் பக்கம் திருப்பு, சீக்கிரம் முடிஞ்சிடும்," என்று கெஞ்சினான். சீக்கிரம் முடியவில்லை. அரிவாள் கிழங்குக் கொடி அறுத்து மழுங்கியிருந்தது. ஐந்து வெட்டு விழுந்தது, ஐந்தாவது வெட்டில்தான் நசாரியோ கத்துவதை நிறுத்தினான். டிரைவர் உடலைச் சாக்கில் சுற்றி பஸ்ஸின் பின்சீட்டில் வைத்துக் கொண்டுவந்தார். எர்மினியா இந்தத் தடவை சாமியாரைக் கூப்பிடவில்லை. உடலைக் கழுவி, சாக்கு தைக்கிற ஊசியால் கழுத்தைச் சுற்றித் தைத்து, கிழங்கு அறையில் வைக்கோலின்மேல் கிடத்திவிட்டு, பக்கத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்தாள். ஞாயிறு மாலை கோப்பை காலியாக இருந்தது. அதற்குப் பிறகு அவன் தலை கொஞ்சம் இடதுபுறம் சாய்ந்தே இருந்தது. எதைச் சொன்னாலும் அதை அவனே நம்பாததுபோல் தோன்றியது.

மூன்றாம் தடவை காலில் மோட்டார் இரும்பைக் கட்டி ஆற்றில் அமுக்கினார்கள். எர்மினியா ஆள் விட்டுத் தேடக்கூட இல்லை, கதவைத் தாழிடாமல் வைத்தாள், அவ்வளவுதான். அவன் வந்தான், ஒரு மாதம் வரைக்கும் பேசும்போது காதிலிருந்து சேற்றுத் தண்ணீர் வடிந்தது, அவன் குடிக்கிற எதிலும் அவனுக்கு உப்புத் தெரியவில்லை. நான்காம் தடவை பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். அதில் அவன் கைரேகை போயிற்று, புருவம் போயிற்று, தோல் காய்ந்த மரப்பட்டைபோல் உரிந்து உரிந்து நின்றது. பயணிகளில் சிலர் அவனைப் பார்த்ததும் வேறு பஸ் கேட்டார்கள், சிலர் அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

நான்கு தடவை ஆனபோது ஊருக்கு எல்லாம் பழகிவிட்டது. அதைத்தான் பிற்பாடு வைராபாம்பாவில் ஒருவரும் பேச விரும்பவில்லை. செத்தவன் திரும்பி வந்துவிடுகிறான் என்பதால், கொன்றவனைக் கொன்றவன் என்று யாரும் நினைக்கவில்லை. கிளமென்தே சனிக்கிழமை லாரியிலிருந்து இறங்கினால் சோளக் கள்ளுக்கடையில் அவனுக்கும் ஒரு கோப்பை ஊற்றினார்கள். "என்ன கிளமென்தே, இந்த வாரம் எதால?" என்று கேட்டார்கள், "தீயால" என்றான், "அடப்பாவி, திங்கட்கிழமை பஸ் உண்டில்ல?" என்றார்கள், சிரித்தார்கள். கிளமென்தே குடித்தான். முதல் தடவை சுட்டபோது மூன்று நாள் சோறிறங்காமல் கிடந்தவன், நான்காம் தடவை கொளுத்திவிட்டு அந்தக் கையாலேயே வறுத்த சோளம் தின்றான். வீதியில் எதிர்ப்பட்டால் இருவரும் தொப்பியைத் தொட்டுக்கொள்வார்கள். "கும்பாத்ரே." "கும்பாத்ரே." அவ்வளவுதான்.

பழகாதவள் ஒருத்தி இருந்தாள். நியேவெஸ். பத்தொன்பது வயது, பனி விழுந்த நாளில் பிறந்ததால் பனி என்று அர்த்தமுள்ள அந்தப் பெயர். வழிகாட்டிப் பரீட்சை எழுதித் தேறி, ஞானத்தகப்பனோடு இரண்டாவது வழிகாட்டியாக அந்த வருஷம்தான் பஸ்ஸேறியிருந்தாள். பெருமதிலடியில் நின்று, இந்தக் கல்லுக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவே கத்தி முனைகூட நுழையாது என்று அவள் சொன்னால், கிழவர்கள்கூடப் பையிலிருந்து கத்தியை எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டாம் கொலைக்குப் பிறகு அப்பாவோடு அவள் பேசுவதை நிறுத்திப் பத்து மாதமாகியிருந்தது. அவனுக்குச் சோறு வைப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள்.

"பத்ரீனோ," என்று அவள் ஒருநாள் நசாரியோவிடம் கேட்டாள். ஞானத்தகப்பனை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். "திரும்பி வரப்போறோம்னு தெரிஞ்சே போறதால உங்களுக்குப் பயமில்லையா?"

"தெரியாதும்மா," என்றான் அவன் சாய்ந்த தலையோடு. "ஒவ்வொரு தடவையும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான் வலிக்குது. அதை யாரும் கேட்கலை, நீதான் கேட்கறே."

ஐந்தாம் தடவை, மழைக்காலத்துக்கு முந்தைய மாதம் ஒரு வியாழக்கிழமை, பயணிகளை விடுதியில் விட்டுவிட்டு இருவரும் படகுக்கு நடந்தபோது, பாதையில் கிளமென்தேயும் அந்த இரண்டு ஆட்களும் நின்றார்கள். நியேவெஸ் முன்னால் போய் நின்றாள்.

"நகரு பிள்ளே," என்றான் கிளமென்தே. பத்து மாதத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. "பெரிய விஷயமில்லை. திங்கட்கிழமை வரைக்கும்தானே."

"அப்படியா? அப்போ என்னையும் சுடு. நானும் திங்கட்கிழமை வந்துடறேன்."

ஆட்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். கிளமென்தே அவளைக் கையால் ஒதுக்கினான். அவள் துப்பாக்கிக் குழலை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள், அவன் இழுத்தான், அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள், நசாரியோ பாய்ந்து வந்தான், ஆட்களில் ஒருவன் அவன் முழங்காலில் அரிவாளின் பின்புறத்தால் அடித்து வீழ்த்தினான், அப்போது துப்பாக்கி வெடித்தது. யார் விரல் அழுத்தியது என்று கிளமென்தே பிற்பாடு நூறு விதமாக யோசித்துப் பார்த்தான். அவன் விரல்தான். குண்டு அவள் தாடைக்குக் கீழே நுழைந்தது. ஒரு கிழங்கு வேகிற நேரம் அவள் உயிரோடு இருந்தாள், பேச முயன்றாள், இரத்தம் முந்திக்கொண்டது.

கிளமென்தே அழவில்லை. அதுதான் அங்கே நின்றவர்களுக்குப் பயங்கரமாக இருந்தது. அவன் தன் சட்டையைக் கழற்றி அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே நசாரியோவிடம் வரிசையாகக் கேட்டான்: "கும்பாத்ரே, உன்னை எப்படிப் படுக்க வெச்சாங்க? தலை எந்தப் பக்கம்? கையை மடக்கினாங்களா, நீட்டினாங்களா? அதுக்கு முன்னால நீ என்ன சாப்பிட்டிருந்தே?"

நசாரியோ முழங்காலைப் பிடித்தபடி தரையில் கிடந்து அவனையே பார்த்தான்.

"சொல்லு கும்பாத்ரே. திங்கட்கிழமைக்கு நாலு நாள்தான் இருக்கு."

எல்லாவற்றையும் முதல் தடவை நடந்தபடியே செய்தார்கள். தச்சன் இலாரியோ அதே அளவுப் பலகையில் பெட்டி செய்தான். சனிக்கிழமை அதே மணிக்கு, நசாரியோ கிடந்த அதே குழியைத் திறந்து அதில் இறக்கினார்கள், மண்ணைக் கெட்டிப்படுத்தாதீர்கள், அவள் சின்னப் பெண், தள்ளமுடியாது என்று கிளமென்தே கெஞ்சினான், கெட்டிப்படுத்தாமல் விட்டார்கள். எழவுச் சோற்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்தான். பதிவு அலுவலகத்துப் பெண் இந்தத் தடவை பென்சிலால் எழுதினாள். ஊரில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை மாலை அவன் வீட்டு வாசலைப் பார்த்தபடி வேலை இருப்பதுபோல் அங்குமிங்கும் நடந்தார்கள். வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை. வழி தெரியாமல் நேரே பஸ்ஸுக்கு வருவாள் என்றார்கள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குச் சதுக்கத்தில் ஊரே நின்றது. பச்சைப் பஸ்ஸில் பதினோரு பயணிகள் உட்கார்ந்திருந்தார்கள். கிளமென்தே மகளின் கம்பளிச் சால்வையைக் கையில் வைத்திருந்தான், குழிக்குள் குளிர்ந்திருக்கும் என்று. ஏழு மணியானது. எட்டானது. வெயில் கோவில் சுவரிலிருந்து இறங்கித் தரையைத் தொட்டது. குழந்தைகளுக்குப் பசித்தது, ஆனால் எந்தத் தாயும் நகரவில்லை. பத்து மணிக்கு டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

கிளமென்தே நசாரியோவின் அருகே வந்தான். "நீ போய் அவளுக்கு வழி காட்டு. நீ வழிகாட்டிதானே?"

"எனக்கு வழி தெரியாது கும்பாத்ரே. நான் தூங்கினேன், எழுந்தேன்."

"நாலு தடவை வந்தியே! நாலு தடவை! ஒரு தடவைகூட வழியைப் பார்க்கலையா?"

"பார்க்கலை," என்று சொல்லி, நசாரியோ முதன்முதலாக அழுதான்.

கிளமென்தே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனான். யாரும் தடுக்கவில்லை. தோண்டிப் பெட்டியைத் திறந்து, நான்கு நாளில் சாவு என்ன செய்திருந்ததோ அதைக் கண்ணால் பார்த்தான். அவன் போட்ட சத்தத்தில் மேட்டுவெளியில் மேய்ந்த லாமாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தலை தூக்கின என்பார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் ஊருக்கும் தன் மகள் ஒருத்தி செத்தது தெரிந்தது.

அப்போது அவர்களுக்கு வந்த கோபம் ஒரு மனிதனுக்குப் போதாத அளவு பெரியது. ஆனால் கைக்குக் கிடைத்தவன் ஒருவன்தான். கல்லறையிலிருந்து அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்தார்கள். கள்ளுக்கடைக்காரன் அவன் வாயில் மிதித்துப் பல்லை உடைத்தான். பெண்கள் கிழங்கு தோண்டுகிற மண்கொத்தியால் அவன் கை எலும்பு முறிகிற வரைக்கும் அடித்தார்கள். இலாரியோ கயிறு கொண்டுவந்தான், கோவில் மணிக்கம்பத்தில் வைத்துக் கட்டினார்கள், யாரோ பெட்ரோல் தகரத்தை உருட்டிக்கொண்டு வந்தார்கள். கிளமென்தே மூஞ்சியைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றான், ஊற்றுங்கள் என்பதுபோல்.

"முதல் தீக்குச்சி நசாரியோவுக்கு. அதுதான் நியாயம்," என்றான் கடைக்காரன்.

எர்மினியா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். கறுப்பு உடுப்புக்கு வருஷம் முடிந்திருந்தது. அவள் இன்னும் மாற்றவில்லை.

"எந்தக் கொலைக்கு?" என்று கேட்டாள்.

யாருக்கும் விளங்கவில்லை.

"இவனை எரிக்கறீங்களே, எந்தக் கொலைக்குன்னு கேட்கறேன். அஞ்சு இருக்கு. நெஞ்சுல சுட்டதுக்கா? அன்னைக்கு எங்க வீட்ல சோறு தின்னீங்க. கழுத்தை அறுத்ததுக்கா? தைச்சவ நான், ராத்திரியும் பகலும் என் விரல்ல ஊசி குத்தித் தைச்சேன், ஒருத்தி வந்து நூல் கோத்துக் கொடுக்கலை. ஆத்துல அமுக்கினதுக்கா? கொளுத்தினதுக்கா? கொளுத்தின வாரம் யார் இவனுக்குக் கள்ளு ஊத்தினது?" அவள் கடைக்காரனைப் பார்க்கவில்லை, எல்லோரும் பார்த்தார்கள். "நாலு தடவை நீங்க சிரிச்சதாலதான் அஞ்சாவது தடவை இவன் கை நடுங்கலை. நடுங்கியிருந்தா அந்தப் பெண் இருந்திருப்பா."

பெட்ரோல் தகரம் வைத்த இடத்திலேயே இருந்தது. நசாரியோதான் பேசினான். வெந்த தொண்டையிலிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்க அவர்கள் நெருங்கி நிற்க வேண்டியிருந்தது.

"பஸ் நிக்குது. ஏறுங்க. எல்லோரும். நான் காட்டறேன்."

பதினோரு பயணிகள் இறங்கி இடம் கொடுத்தார்கள். பஸ்ஸுக்குள்ளும் கூரையிலும் இரண்டு கிழங்கு லாரிகளிலும் அறுபத்துமூன்று பேர் ஏறினார்கள். கை முறிந்த கிளமென்தேயை முதல் சீட்டில் உட்காரவைத்தார்கள். நசாரியோ கொடியைப் பிடித்துக்கொண்டு, வெளிதேசத்துக்காரர்களுக்குச் சொல்வதில் ஒரு சொல் குறைக்காமல் தன் ஊர்க்காரர்களுக்குச் சொன்னான். பிறந்தது முதல் ஆடு மேய்த்த பெருமதிலடியில் அவர்களை நிறுத்தி, இதைக் கட்டியவர்கள் உங்கள் முப்பாட்டன்மார், இடித்த அன்று இந்தக் கல்லில் இரத்தம் மூன்று நாள் காயவில்லை என்றான். அவர்கள் அதுவரை தொட்டிராத மாதிரி கல்லைத் தொட்டார்கள். மேகக் கணவாயில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். காட்டில் இறங்கியபோது கம்பளி உடுத்த மலைச்சனம் வெந்து வியர்த்தது. பல்லிகளைக் கண்டு கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். வைராபாம்பாவில் பாதிப் பேர் அதுவரை ஒரு கிளியைப் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவர்களை ஆற்று வளைவில் நிறுத்தினான். "இருக்கிறது. பாருங்கள்," என்றான்.

பார்த்தார்கள். கால் மணி நேரம் பார்த்தார்கள். கை நடுங்குகிற ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கரையில் ஒரு பெண் நின்று இவர்களைப் பார்த்தாள். அதன் பிறகு கொண்டுவந்திருந்த மண்கொத்தியும் கவணும் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். காவல்காரர்கள் சுட்டார்கள். தச்சன் இலாரியோ வயிற்றில் குண்டு வாங்கி இடுப்பளவு நீரில் உட்கார்ந்தான், எழவில்லை. பதிவு அலுவலகத்துப் பெண்ணுக்குக் கண்ணில் பட்டது. ஆனால் மலைக்காரன் கவண்கல் நூறு அடியில் நரியின் நெற்றியைத் தேடிப்போகும். துப்பாக்கி நிரப்புகிற நேரத்தில் கல் விழுந்தது. மிதவைகளில் மண்டைகள் உடைந்தன. அரிவாள் பிடித்த அந்த இரண்டு ஆட்களையும் அவர்கள் தோண்டிய குழியிலேயே தள்ளி, மேலே வர முயன்றபோதெல்லாம் மண்கொத்தியால் விரலில் அடித்தார்கள், முயல்வதை நிறுத்துகிற வரைக்கும். தொன் ஒராசியோ சின்ன மோட்டார் படகில் தப்பப் பார்த்தார். அக்கரைப் பெண்கள் படகைக் கவிழ்த்தார்கள். அவர் மேலே வந்தபோதெல்லாம் துடுப்பால் தலையைக் கீழே தள்ளினார்கள், துணி துவைப்பதுபோல் ஒரே தாளத்தில். சூரியன் சாய்வதற்குள் மிதவைகள் எல்லாம் எரிந்தன. இலாரியோவையும் பதிவுப் பெண்ணையும் பெட்டியில்லாமல் கொண்டுவந்து புதைத்தார்கள், மண்ணைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தினார்கள். அடுத்த திங்கட்கிழமை அவர்களுக்காக யாரும் சதுக்கத்தில் நிற்கவில்லை.

போலீஸ் வந்தது. ஊரில் ஒன்பது பேரும் கிளமென்தேயும் சிறைக்குப் போனார்கள். எட்டு வருஷம் கழித்துக் கிளமென்தே திரும்பியபோது, ஊர்க்கூட்டம் அவனுக்குத் தன் தீர்ப்பைச் சொன்னது: சாகக்கூடாது, ஊருக்குள் வாழவும் கூடாது, ஆற்று வளைவில் குடிசை போட்டு இருந்துகொண்டு, வியாழன்தோறும் படகில் வருகிறவர்களிடம், தான் செய்தது ஐந்தையும் வரிசையாகச் சொல்லவேண்டும்.

அப்படியே நடக்கிறது. வளைவில் இப்போது புல் முளைத்திருக்கிறது. மெலிந்த ஒரு வகை மரம் தோளுயரம் வந்திருக்கிறது. மீன் தின்னலாமா என்று யாருக்கும் தெரியாது. படகு நின்றதும் கிளமென்தே குடிசையிலிருந்து வந்து, தொப்பியைக் கழற்றி, தன் மலை பாஷையில் சொல்லத் தொடங்குவான். மோட்டாரை அணைத்துவிட்டு நசாரியோ ஒவ்வொரு வாக்கியமாக மொழிபெயர்ப்பான். இவரை இந்த இடத்தில் நெஞ்சில் சுட்டேன் என்று அவன் சொன்னால், "என்னை இந்த இடத்தில் நெஞ்சில் சுட்டான்" என்று இவன் சொல்வான். பயணிகள் முதலில் இதை நாடகம் என்று நினைப்பார்கள். பிறகு நசாரியோவின் கழுத்துத் தையலைப் பார்ப்பார்கள். பிறகு படம் எடுப்பதை நிறுத்துவார்கள். மகளைச் சொல்லும்போது கிளமென்தே குரல் மாறாது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட உடைந்ததில்லை. அதை மொழிபெயர்க்கிறபோது நசாரியோதான் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குவான்.

போன மழைக்காலத்தில் வந்த கூட்டத்தில் ஒரு நடுவயதுப் பெண் இருந்தாள். பயணம் முழுவதும் யாரோடும் பேசாமல், கேட்டதையெல்லாம் சின்னக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்தவள். கிளமென்தே முடித்துத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, திரும்பும் முன் படகிலிருந்தவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து மெதுவாக இன்னொன்றும் சொன்னான். வாரந்தோறும் அதைச் சொல்வான். உங்கள் தேசங்களில் செத்தவளைத் திரும்பக் கூட்டிவர வழி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், எவ்வளவு தூரமானாலும் நடந்து வருவேன், என்பான்.

அந்தப் பெண் பேனாவை வைத்துக்கொண்டு நசாரியோவைப் பார்த்தாள். "கடைசியாக என்னவோ சொன்னாரே, அதை நீங்கள் சொல்லவில்லையே?"

நசாரியோ கரையில் நிற்கிறவனை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு மோட்டார் கயிற்றைக் கையில் சுற்றினான்.

"மழை வருது, கவனமாப் போங்கன்னு சொன்னார்," என்று சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்தான்.